ஒரே கோரூட்டீன் லைப்ரரி, பல இயங்குதளங்கள்: பில்ட் உள்ளமைவில் எங்கே தப்பு செய்கிறேன்?

#1 நூலிழை

வணக்கம். சி மொழியில் ஒரு சின்ன கோரூட்டீன் (நடுவில் நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும் ஃபங்ஷன்) லைப்ரரி எழுதி வைத்திருக்கிறேன். மொத்தமே 700 வரிக்குள்தான். ஒவ்வொரு கோரூட்டீனுக்கும் தனி ஸ்டாக் (உள்ளூர் மாறிகள் இருக்கும் நினைவகம்), ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ இருபது வரி அசெம்பிளி. எக்ஸ்86-64 லினக்ஸில் ஒரு வருடமாக ஒழுங்காக ஓடுகிறது. மற்றவர்களும் பயன்படுத்தட்டும் என்று வெளியே விட்டேன், அங்கே ஆரம்பித்தது வினை.

பில்டை உள்ளமைக்கும் சிமேக் கோப்பில் இருப்பதை வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் என்றால் அதிலேயே இருக்கும் ஃபைபர் வசதி. ஆப்பிள் என்றால் யூகான்டெக்ஸ்ட், அதாவது ஸ்டாக் மாற்றித் தாவ யூனிக்ஸ்களில் இருக்கும் பழைய சி ஃபங்ஷன்கள். மீதி எல்லாம் யூனிக்ஸ்தானே என்று, எக்ஸ்86-64 ஆக இருந்தால் என் அசெம்பிளி, இல்லாவிட்டால் யூகான்டெக்ஸ்ட் ஹெடர் இருக்கிறதா என்று பார்த்து அது.

இதுவரை வந்த புகார்கள் மூன்று. மேக்ஓஎஸ்ஸில் கம்பைல் ஆகி, முதல் தாவலிலேயே விழுகிறது. ஆர்ம்64 ஆல்பைன் லினக்ஸில் கம்பைல் ஆகிறது, லிங்க் ஆகவில்லை: யூகான்டெக்ஸ்ட்டின் மேக்கான்டெக்ஸ்ட் என்ற பெயரே காணோம் என்கிறது லிங்கர். சிக்வினில் (விண்டோஸ் மேல் ஓடும் யூனிக்ஸ் சூழல்) பில்ட் சுத்தமாக முடிகிறது, ஓட்டினால் உடனே செத்துப்போகிறது.

மூன்றும் வேறு வேறு வியாதியா, ஒரே வியாதியா என்றே புரியவில்லை.

#2 கம்பைலர்தாத்தா

ஒரே வியாதிதான். "நீ எந்த இயங்குதளம்?" என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதிலை வைத்து நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

தாவும் அந்த இருபது வரிக்குத் தெரிய வேண்டியது நாலு விஷயம். பிராசஸர் எது. அழைப்பு முறை, அதாவது ஏபிஐ எது. ஆப்ஜெக்ட் கோப்பின் வடிவம் எல்ஃப்பா, மாக்-ஓவா, பிஇயா. எந்த அசெம்பிளர் அதைப் படிக்கப்போகிறது. இதே வேலையைச் செய்யும் பூஸ்ட் கான்டெக்ஸ்ட் லைப்ரரியின் அசெம்பிளிக் கோப்புறையைத் திறந்து பெயர்களை மட்டும் பாருங்கள், உள்ளே படிக்கக்கூட வேண்டாம். எக்ஸ்86-64, சிஸ்வி (லினக்ஸின் ஏபிஐ), எல்ஃப், காஸ் என்று ஒரு கோப்பு. எக்ஸ்86-64, எம்எஸ், பிஇ, மாஸ்ம் என்று இன்னொன்று. ஆர்ம்64, ஏஏபிசிஎஸ், மாக்-ஓ, காஸ் என்று மற்றொன்று. ஒரு பெயரிலும் இயங்குதளம் கிடையாது.

சிக்வின் கதை இதற்கு நல்ல உதாரணம். சிமேக்கைப் பொறுத்தவரை சிக்வின் விண்டோஸ் அல்ல, யூனிக்ஸ். அதனால் உங்கள் கோப்பு நேராக யூனிக்ஸ் கிளைக்குப் போய் உங்கள் அசெம்பிளியை எடுத்துக்கொண்டது. ஆனால் அங்கே ஜிசிசி கம்பைலர் பின்பற்றுவது மைக்ரோசாஃப்ட் ஏபிஐ. உங்கள் வரிகள் முதல் இரண்டு ஆர்கியுமென்ட்டை ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ ரெஜிஸ்டர்களில் தேடுகின்றன. அழைத்தவன் வைத்துவிட்டுப் போனது ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ்ஸில். குப்பையை எடுத்து ஸ்டாக் பாயின்டரில் போட்டால் சாகாமல் என்ன செய்யும்?

#3 சுருக்கமாகச்சொல்

பூஸ்ட் கான்டெக்ஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தது. அடுத்த இழைக்குப் போகலாம்.

#4 நூலிழை

@சுருக்கமாகச்சொல், சி மட்டும் போதும், வேறு எதையும் இழுத்துக்கொண்டு வரக்கூடாது என்பதுதான் இந்த லைப்ரரியின் ஒரே பெருமை. அதை விட்டால் என்னிடம் ஒன்றும் இல்லை.

@கம்பைலர்தாத்தா, சிக்வின் புரிந்துவிட்டது தாத்தா. ஆனால் மேக்கில் என் அசெம்பிளியே இல்லையே, யூகான்டெக்ஸ்ட்தானே? முதலில் "இவை வழக்கொழிந்தவை, _எக்ஸ்ஓபன்_சோர்ஸ் வேண்டும்" என்று ஹெடரே பிழை கொடுத்தது. தாவல் கோப்பில், மற்ற ஹெடர்களுக்குக் கீழே, யூகான்டெக்ஸ்ட்டுக்கு மேலே அந்த மேக்ரோவைப் போட்டேன். கம்பைல் ஆகிவிட்டது. ஓட்டினால் விழுகிறது.

#5 கடித்தபழம்

"மற்ற ஹெடர்களுக்குக் கீழே" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்களே, அங்கேதான் இருக்கிறது.

மேக்ஓஎஸ்ஸில் யூகான்டெக்ஸ்ட் ஸ்ட்ரக்ட்டின் கடைசி உறுப்பு, ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் பெரிய துண்டு, ஒரு நிபந்தனைக்குள் இருக்கிறது. _எக்ஸ்ஓபன்_சோர்ஸ் இருந்தால் மட்டும் அந்த உறுப்பு ஸ்ட்ரக்ட்டுக்குள் வரும். சிக்னல் ஹெடர் மாதிரி ஏதாவது ஒன்றை முதலில் சேர்த்தாலே ஸ்ட்ரக்ட் சின்ன அளவில் உருவாகிவிடும். அப்புறம் நீங்கள் மேக்ரோ போட்டால் ஃபங்ஷன்கள் மட்டும் கண்ணுக்குத் தெரியும், ஸ்ட்ரக்ட் பழைய அளவிலேயே நிற்கும். கெட்கான்டெக்ஸ்ட் முழு அளவுக்கும் எழுதிவிட்டுப் போகும். பக்கத்தில் இருந்த நினைவகம் போச்சு.

சந்தேகமாக இருந்தால் இரண்டு கோப்புகளில் சைஸ்ஆஃப் அச்சிட்டுப் பாருங்கள்.

#6 நூலிழை

பார்த்தேன். ஒரு கோப்பில் 56 பைட். இன்னொன்றில் பல நூறு. இரண்டு நாள் டிபகரில் உட்கார்ந்ததற்கு இது ஒரு வரியில் முடிந்திருக்கும்.

மேக்ரோவை சிமேக்கில் டார்கெட்டுக்கே கொடுத்துவிட்டேன், எல்லா ஹெடருக்கும் முன்னால் வரும். உடனே இன்னொன்று கிளம்புகிறது: மேப்_அனான் தெரியவில்லை என்கிறது, ஸ்டாக் ஒதுக்கும் இடத்தில்.

#7 கடித்தபழம்

_எக்ஸ்ஓபன்_சோர்ஸ் போட்டால் "கண்டிப்பாகப் போசிக்ஸ் மட்டும் காட்டு" என்று அர்த்தம். போசிக்ஸ் என்பது யூனிக்ஸ்களின் பொதுத் தரநிலை. அதன் 2024க்கு முந்தைய பதிப்புகளின் பட்டியலில் மேப்_அனான் இல்லை, அதனால் மறைந்துவிட்டது. கூடவே _டார்வின்_சி_சோர்ஸையும் கொடுங்கள், திரும்பி வரும்.

இன்னொன்று. உங்கள் வெளி ஹெடரில் அந்த ஸ்ட்ரக்ட் தெரிகிறதா? தெரிந்தால் மேக்ரோவை டார்கெட்டில் பிரைவேட்டாகக் கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை. உங்கள் லைப்ரரி பெரிய அளவில் கம்பைல் ஆகும், பயன்படுத்துபவரின் நிரல் சின்ன அளவில் ஆகும். பப்ளிக்காகக் கொடுத்தால் அவருடைய எல்லாக் கோப்புகளுக்கும் போசிக்ஸ் கடிவாளம் போட்டதாகிவிடும், அவர் திட்டுவார். வெளி ஹெடரில் வெறும் பாயின்டர் மட்டும் வைத்து, ஸ்ட்ரக்ட்டை உள்ளே .சி கோப்பில் ஒளித்துவிடுவதுதான் நல்லது.

#8 மசல்பிடிப்பு

ஆல்பைன் பக்கம் நான் வருகிறேன், அது என் பேட்டை.

ஆல்பைனில் இருப்பது மசல் சி லைப்ரரி. அதில் யூகான்டெக்ஸ்ட் ஹெடர் உண்டு, ஃபங்ஷன்களின் அறிவிப்பும் உண்டு, ஃபங்ஷன்கள் கிடையாது. வேண்டும் என்பவர்களுக்கு லிப்யூகான்டெக்ஸ்ட் என்று தனியாக இருக்கிறது. ஹெடர் இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் கேட்டீர்கள். இருக்கிறது என்று உண்மையைத்தான் சொன்னது. ஆண்ட்ராய்டுக்குப் போனாலும் இந்த ஃபங்ஷன்கள் இருக்காது.

செக்_சிம்பல்_எக்ஸிஸ்ட்ஸ் பயன்படுத்துங்கள். அது ஒரு சின்ன நிரலை எழுதி, கம்பைல் செய்து, லிங்க்கும் செய்து பார்க்கும். மேக்கில் இதே சோதனைக்கு முன்னால் சொன்ன மேக்ரோவை சிமேக்_ரிக்வயர்ட்_டெஃபினிஷன்ஸ் வழியாகக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இருப்பதையும் இல்லை என்று சொல்லிவிடும்.

#9 நூலிழை

மாற்றினேன். இப்போதும் "மேக்கான்டெக்ஸ்ட் இருக்கிறது" என்றே சொல்கிறது! கேஷை முழுக்க அழித்துவிட்டுத்தான் ஓட்டினேன், சத்தியமாக.

#10 மசல்பிடிப்பு

கிராஸ் கம்பைல் (ஒரு கணினியில் இருந்துகொண்டு வேறொன்றுக்கு கம்பைல்) செய்கிறீர்களா? டூல்செயின் கோப்பை எங்கிருந்தாவது எடுத்தீர்களா? அதில் சிமேக்_ட்ரை_கம்பைல்_டார்கெட்_டைப் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள்.

#11 நூலிழை

இருக்கிறது. மதிப்பு ஸ்டாடிக்_லைப்ரரி. ஒரு மைக்ரோகன்ட்ரோலர் வேலைக்கு வைத்திருந்த கோப்பை அப்படியே நகலெடுத்தேன்.

#12 மசல்பிடிப்பு

அதுதான். இயங்குதளமே இல்லாத சிப்புகளுக்கு லிங்க் செய்ய முடியாது என்பதால், சோதனை நிரலை ஸ்டாடிக் லைப்ரரியாக மட்டும் கட்டு என்று அந்த வரி சொல்கிறது. ஸ்டாடிக் லைப்ரரிக்கு லிங்க் கட்டமே கிடையாது. ஆக, அறிவிப்பு இருந்தால் போதும், எல்லாச் சோதனையும் "ஆமாம்" என்றுதான் சொல்லும். அந்த வரியைத் தூக்குங்கள்.

கேஷை ஒவ்வொரு முறையும் கையால் அழிக்க வேண்டாம். சிமேக் 3.24 முதல் ஃப்ரெஷ் என்ற ஆப்ஷனே இருக்கிறது. சோதனைகளின் விடை கேஷில் தங்கிவிடும் என்பதை மறந்து நான் தொலைத்த மாலைகளுக்குக் கணக்கு இல்லை.

#13 கம்பைலர்தாத்தா

இத்தனையும் சரி. ஆனால் யூகான்டெக்ஸ்ட்டைக் காப்பாற்ற ஏன் இவ்வளவு பாடு? போசிக்ஸ் 2008 பதிப்பிலேயே மேக்கான்டெக்ஸ்ட் குடும்பத்தைத் தூக்கிவிட்டார்கள்.

ஒரு காரணம் அதன் வடிவமே. நுழைவு ஃபங்ஷனுக்கு இன்ட் வகை ஆர்கியுமென்ட்தான் கொடுக்க முடியும். 64 பிட் பாயின்டரைக் கொடுக்க வேண்டுமானால் இரண்டு 32 பிட் துண்டாக வெட்டி அனுப்பி, உள்ளே போய் ஒட்டவேண்டும். அப்புறம் ஜிலிப்சியில் (வழக்கமான லினக்ஸ் சி லைப்ரரி) ஒவ்வொரு ஸ்வாப்கான்டெக்ஸ்ட்டும் சிக்னல் மாஸ்க்கை மாற்ற கெர்னலுக்கு ஒரு நடை போய் வருகிறது. உங்கள் இருபது வரி கெர்னல் பக்கமே போகாது.

ஆர்ம்64க்கு அசெம்பிளி எழுதுங்கள். எக்ஸ்19 முதல் எக்ஸ்28 வரை, எக்ஸ்29, எக்ஸ்30, அப்புறம் டி8 முதல் டி15. மொத்தம் 20 ரெஜிஸ்டர், 160 பைட். ஜோடி ஜோடியாகச் சேமிக்கும் கட்டளை இருப்பதால் சேமிக்கப் பத்து வரி, மீட்கப் பத்து வரி. எக்ஸ்18ஐ மட்டும் தொடாதீர்கள், ஆப்பிளும் விண்டோஸும் அதைத் தங்களுக்கென்று வைத்திருக்கின்றன.

#14 கூடவேவந்தவன்

சியிலேயே இருக்கும் தாவல் ஃபங்ஷன்கள் செட்ஜம்ப், லாங்ஜம்ப் வைத்தே செய்துவிடலாமே? எல்லா இடத்திலும் இருக்கிறது, அசெம்பிளியே வேண்டாம்.

#15 கம்பைலர்தாத்தா

எல்லா இடத்திலும் இருக்கிறது, எல்லா இடத்திலும் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. லினக்ஸில் ஃபோர்ட்டிஃபை சோர்ஸ் என்ற பாதுகாப்புச் சோதனையைப் போட்டு கம்பைல் செய்தால் லாங்ஜம்ப் ஸ்டாக்கின் திசையைச் சோதிக்கும். வேறு ஸ்டாக்குக்குத் தாவுவது அதன் கண்ணுக்குத் திருட்டு, நிரலையே நிறுத்திவிடும். 64 பிட் விண்டோஸில் லாங்ஜம்ப் என்பது ஸ்டாக்கை ஒவ்வொரு படியாக அவிழ்த்துக்கொண்டு போகும் வேலை. வேறு ஸ்டாக்கில் அது எதை அவிழ்க்கும்?

#16 இரண்டாம்ஷிஃப்ட்

சிக்வினுக்கு ஒரு குறுக்கு வழி சொல்கிறேன், தாத்தா திட்டினாலும் பரவாயில்லை. ஜிசிசியிலும் கிளாங்கிலும் சிஸ்வி_ஏபிஐ என்று ஒரு அட்ரிபியூட் உண்டு. தாவும் ஃபங்ஷனின் அறிவிப்பில் அதை ஒட்டிவிட்டால், அந்த ஒரு அழைப்புக்கு மட்டும் லினக்ஸ் முறையில் ஆர்கியுமென்ட் போகும். எம்எஸ் முறையில் காப்பாற்ற வேண்டிய ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, எக்ஸ்எம்எம்6 முதல் 15 வரை எல்லாவற்றையும் அழைப்பவர் பக்கமே கம்பைலர் சேமித்துக்கொள்ளும். கோரூட்டீனின் நுழைவு ஃபங்ஷனுக்கும் அதே அட்ரிபியூட். உங்கள் அசெம்பிளியில் ஒரு எழுத்து மாற்ற வேண்டாம்.

#17 நூலிழை

வேலை செய்கிறது! சிக்வின், மிங்ஜிடபிள்யூ (விண்டோஸுக்கான ஜிசிசி) இரண்டிலும். அந்தச் சூட்டோடு சூடாக விஷுவல் ஸ்டுடியோவுக்கும் ஃபைபரை விட்டுவிட்டு அசெம்பிளியையே மைக்ரோசாஃப்ட்டின் அசெம்பிளரான மாஸ்மில் எழுதினேன். 64 பிட்டில் அவர்கள் இன்லைன் அசெம்பிளியை அனுமதிப்பதில்லை, தனிக் கோப்புதான். சிமேக்கில் ஏஎஸ்எம்_மாஸ்ம் மொழியைச் செயல்படுத்தினால் எடுத்துக்கொள்கிறது.

எல்லாச் சோதனையும் பாஸ். ஒன்றைத் தவிர. அந்த ஒன்று சில ஓட்டத்தில் பாஸ், சில ஓட்டத்தில் அக்சஸ் வயலேஷன். அந்தக் கோரூட்டீனில் விசேஷம் ஒன்றும் இல்லை, 8192 பைட் கேரக்டர் அரே ஒன்று உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான். ஸ்டாக் 256 கேபி கொடுத்திருக்கிறேன், பற்றாக்குறை இல்லை. மிங்ஜிடபிள்யூவில் இதே சோதனை நூறு முறை ஓடியும் விழவில்லை.

#18 இரண்டாம்ஷிஃப்ட்

ஆஹா, இதில் நானும் அடி வாங்கியிருக்கிறேன்.

விண்டோஸில் ஒவ்வொரு திரெட்டுக்கும் டிஇபி என்று ஒரு தகவல் கட்டம் உண்டு. இந்த ஸ்டாக் எங்கே தொடங்குகிறது, இதுவரை எதுவரை திறந்திருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். நீங்கள் ஸ்டாக் பாயின்டரான ஆர்எஸ்பியை மாற்றினீர்கள், அந்தக் கட்டத்தை மாற்றவில்லை. விண்டோஸைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் பழைய ஸ்டாக்கில்தான் இருக்கிறீர்கள்.

ஒரு ஃபங்ஷனின் உள்ளூர் மாறிகள் ஒரு பக்கத்தை, அதாவது 4 கேபியைத் தொட்டுவிட்டால், விஷுவல் ஸ்டுடியோவின் கம்பைலரான எம்எஸ்விசி அதன் தொடக்கத்தில் செக்ஸ்டாக் என்ற ஒரு சோதனையைச் சொருகும். அது டிஇபியில் இருக்கும் எல்லையை எடுத்து, "எனக்கு வேண்டிய முகவரி அதற்குக் கீழே இருக்கிறதா" என்று பார்க்கும். கீழே இல்லை என்றால் பேசாமல் திரும்பிவிடும். கீழே இருந்தால் எல்லையிலிருந்து வேண்டிய முகவரி வரை 4 கேபிக்கு ஒரு முறை தொட்டுக்கொண்டே இறங்கும்.

உங்கள் புதிய ஸ்டாக் பழைய ஸ்டாக்குக்கு மேலே அமைந்தால் பிரச்சினை தெரியாது. கீழே அமைந்தால், இரண்டுக்கும் நடுவில் உங்களுக்குச் சொந்தமில்லாத நினைவகத்தையெல்லாம் தொட்டுக்கொண்டு போய் எங்கோ ஓரிடத்தில் விழும். முகவரிகள் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும், அதனால்தான் சில நாள் பாஸ்.

மிங்ஜிடபிள்யூவின் சோதனை டிஇபியைப் பார்ப்பதே இல்லை, இருக்கும் ஸ்டாக் பாயின்டரிலிருந்து நேராக இறங்கும். அதனால் அங்கே தப்பித்தீர்கள். முழுக்கத் தப்பவில்லை: கோரூட்டீனுக்குள் இருந்து ஒரு சிஸ்டம் ஃபங்ஷனை அழைத்தால், அந்த டிஎல்எல்லுக்குள் இருப்பது எம்எஸ்விசி முறைச் சோதனைதான். எக்செப்ஷனும் இதே எல்லைகளைப் பார்த்துத்தான் கையாளப்படுகிறது, எல்லைக்கு வெளியே என்றால் உங்கள் கையாளி அழைக்கப்படவே மாட்டாது.

#19 நூலிழை

அப்படியானால் தாவும்போது அந்த எல்லைகளையும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

#20 இரண்டாம்ஷிஃப்ட்

ஆமாம். 64 பிட்டில் ஜிஎஸ் செக்மென்ட்டில் 8 பைட் தள்ளி ஸ்டாக்கின் மேல் முனை, 16 பைட் தள்ளி எல்லை, ஹெக்ஸ் 1478இல் விடுவிக்க வேண்டிய அடி முகவரி. மூன்றையும் சேமித்து மீட்க வேண்டும்.

அல்லது, ஃபைபருக்கே திரும்பிவிடுங்கள். இதையெல்லாம் அது தானாகச் செய்கிறது. ஒரே நிபந்தனை, முதலில் திரெட்டை ஃபைபராக மாற்ற வேண்டும். உங்களைப் பயன்படுத்துபவர் ஏற்கெனவே மாற்றியிருந்தால் இரண்டாம் முறை மாற்றாதீர்கள், இஸ்திரெட்அஃபைபர் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

#21 கம்பைலர்தாத்தா

இந்த ஒரு இடத்தில் நான் இரண்டாம்ஷிஃப்ட் பக்கம். விண்டோஸில் வேகத்துக்காக அசெம்பிளி என்பது, வேகம் தேவை என்று அளந்து தெரிந்தபிறகு எடுக்கும் முடிவு. நூலிழை அளந்தாரா?

#22 நூலிழை

இல்லை. ஃபைபருக்குத் திரும்பிவிட்டேன். மாஸ்ம் கோப்பை ஒரு கிளையில் ஒதுக்கி வைத்திருக்கிறேன், அழிக்க மனம் வரவில்லை.

இப்போது மேக்கிலும் யூகான்டெக்ஸ்ட்டை விட்டு அசெம்பிளிக்கு மாறுகிறேன். .எஸ் கோப்பைச் சேர்த்தேன், சோர்ஸ் பட்டியலில் இருக்கிறது, ஆனால் லிங்கர் தாவல் ஃபங்ஷனைக் காணோம் என்கிறது. பில்ட் பதிவில் அந்தக் கோப்பு கம்பைல் ஆனதாகவே தெரியவில்லை.

#23 கடித்தபழம்

புராஜெக்ட் வரியில் மொழிகள் பட்டியலில் ஏஎஸ்எம் சேர்த்தீர்களா? சி மட்டும் இருந்தால் சிமேக் அந்தக் கோப்பைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். ஒரு எச்சரிக்கைகூட வராது, எனக்கு இன்றும் இதன் மேல் கோபம்.

சேர்த்ததும் இவை வரிசையாக வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மாக்-ஓவில் சி ஃபங்ஷனின் பெயருக்கு முன்னால் ஒரு அண்டர்ஸ்கோர் உண்டு, எல்ஃபில் இல்லை. யூசர்_லேபல்_பிரீஃபிக்ஸ் என்ற முன்வரையறை மேக்ரோ அதைத் தரும். .டைப், .சைஸ் என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிகள் எல்ஃபுக்கு மட்டும், மேக் அசெம்பிளர் ஏற்காது. கோப்பின் பெயரில் பெரிய எஸ் இருக்கட்டும், சின்ன எஸ் என்றால் பிரீபிராசஸர் ஓடாது, உங்கள் நிபந்தனைகள் எல்லாம் அப்படியே அசெம்பிளருக்குப் போய்ச் சேரும்.

அப்புறம் பிராசஸரை சிமேக்கில் கேட்காதீர்கள். ஒரே ஆர்ம் சிப்புக்கு லினக்ஸில் ஏஆர்ச்64 என்று வரும், மேக்கில் ஆர்ம்64, விண்டோஸில் பெரிய எழுத்தில் ஆர்ம்64. இந்த மூன்றையும் சேர்த்துச் சமாளித்தாலும் யாராவது இரண்டு பிராசஸருக்கும் சேர்த்து யூனிவர்சல் பில்ட் கேட்டால் தீர்ந்தது. ஒரே உள்ளமைவு, இரண்டு கம்பைல். சிமேக் ஒரு பதில்தான் சொல்ல முடியும். ஒரே .எஸ் கோப்புக்குள் இரண்டு பிராசஸருக்கும் எழுதி, கம்பைலர் வரையறுக்கும் மேக்ரோவை வைத்துப் பிரியுங்கள்.

#24 நூலிழை

அப்படியே செய்தேன். யூனிவர்சல் பில்ட் ஒரே தடவையில் வந்தது. இதனால் சிமேக் கோப்பில் 40 வரி குறைந்தது என்பது எதிர்பாராத லாபம்.

லினக்ஸில் புது எச்சரிக்கை ஒன்று: ஜிஎன்யூ-ஸ்டாக் நோட் பகுதி இல்லை, அதனால் ஸ்டாக் இயக்கக்கூடியதாகிறது (அதில் இருப்பதை நிரலாக ஓட்டலாம்) என்கிறது லிங்கர். நேற்றுவரை வந்ததில்லை.

#25 மசல்பிடிப்பு

லிங்கர் அடங்கிய பின்யூட்டில்ஸ் தொகுப்பு 2.39 முதல் சொல்கிறது. நேற்றுவரை சொல்லாமலேயே செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். உங்கள் ஒரு அசெம்பிளிக் கோப்பில் அந்த வெற்றுப் பகுதி இல்லாததால், உங்களைச் சேர்த்துக்கொண்ட ஒவ்வொரு நிரலின் ஸ்டாக்கும் ஒரு வருடமாக இயக்கக்கூடியதாக இருந்திருக்கிறது. கோப்பின் கடைசியில், எல்ஃப் என்றால் மட்டும், அந்த ஒரு வரியைச் சேருங்கள்.

#26 கூடவேவந்தவன்

சி++20இல் கோரூட்டீன் மொழியிலேயே இருக்கிறதே, இவ்வளவு தலைவலி எதற்கு?

#27 சுருக்கமாகச்சொல்

அது ஸ்டாக் இல்லாத வகை. ஆழமாக அழைத்த சாதாரண ஃபங்ஷனுக்குள்ளிருந்து நிறுத்த முடியாது. இவர் எழுதுவது சி. அங்கேயும் ஜிசிசி 10க்கு தனிக் கொடி வேண்டும். தலைவலி இடம் மாறும்.

#28 நூலிழை

இன்னும் ஒரே ஒரு மர்மம். ஆப்பிள் சிலிகான் மேக்கில் பெரும்பாலான சோதனைகள் பாஸ். பிரின்ட்எஃப் செய்யும் கோரூட்டீன் மட்டும் விழுகிறது. இன்டெல் மேக்கில் சரி. நான் கொடுப்பது 16 கேபி ஸ்டாக், அதற்கு அடியில், ஸ்டாக் வழிந்தால் பிடிக்க, 4096 பைட் பூட்டிய காவல் பக்கம்.

#29 கடித்தபழம்

4096 என்று எண்ணாகவே எழுதியிருக்கிறீர்களா? ஆப்பிள் சிலிகானில் ஒரு பக்கம் 16 கேபி.

கணக்குப் போடுங்கள். நீங்கள் கேட்டது 16உம் 4உம் சேர்த்து 20 கேபி. எம்புரொடெக்ட்டுக்கு 4 கேபி நீளம் கொடுத்தீர்கள், அது முழுப் பக்கமாக மேலே திருத்திக்கொண்டு முதல் 16 கேபியையும் பூட்டிவிட்டது. உங்கள் ஸ்டாக் உச்சி அடியிலிருந்து 20 கேபியில். மிச்சம் 4 கேபி. கேட்டது 16, கிடைத்தது 4. பிரின்ட்எஃபுக்கு அது பத்தவில்லை. சிஸ்கான்ஃப் வழியாகப் பக்க அளவைக் கேளுங்கள், பில்ட் நேரத்தில் அல்ல, ஓடும்போது. லினக்ஸ் ஆர்ம்64இல் 64 கேபி பக்கத்தோடு கட்டிய கெர்னலும் உண்டு, ஒரே பைனரி இரண்டிலும் ஓடும்.

#30 நூலிழை

ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. நன்றி.

இப்போதைய நிலை: சிமேக்கில் "எந்த இயங்குதளம்" என்ற கேள்வி அநேகமாகப் போய்விட்டது. விண்டோஸ் ஏபிஐ என்றால் ஃபைபர், சிக்வினுக்கு மட்டும் சிஸ்வி அட்ரிபியூட். எக்ஸ்86-64, ஆர்ம்64 இரண்டுக்கும் ஒரே .எஸ் கோப்பு. வேறு பிராசஸர் என்றால், லிங்க் வரை சோதித்து யூகான்டெக்ஸ்ட். அதுவும் இல்லையென்றால் உள்ளமைவிலேயே பிழை. நினைவகத் தப்புகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசருக்கு ஸ்டார்ட்_ஸ்விட்ச்_ஃபைபர், ஃபினிஷ்_ஸ்விட்ச்_ஃபைபர் அழைப்புகளையும் ஒரு ஆப்ஷனாகச் சேர்த்திருக்கிறேன், அது இல்லாமல் பொய்ப் புகார் கொட்டியது.

லினக்ஸ், ஆல்பைன், மேக், விண்டோஸ், ஃப்ரீபிஎஸ்டி எல்லாம் பச்சை. ஓபன்பிஎஸ்டி மட்டும் சிவப்பு. கம்பைல், லிங்க் இரண்டும் சரி. புது ஸ்டாக்குக்குத் தாவிய கையோடு செக்மென்ட்டேஷன் ஃபால்ட். அதே எக்ஸ்86-64, அதே சிஸ்வி, அதே எல்ஃப். தாத்தா சொன்ன நாலு கேள்விக்கும் லினக்ஸில் வரும் அதே பதில்தான் வருகிறது.

#31 கம்பைலர்தாத்தா

ஓபன்பிஎஸ்டி 6.4 முதல், ஸ்டாக் பாயின்டர் மேப்_ஸ்டாக் கொடுத்து எடுத்த நினைவகத்தைத்தான் காட்ட வேண்டும். கெர்னலுக்குள் நுழையும்போதும், பக்கப் பிழை வரும்போதும் பார்க்கும். இல்லையென்றால் கொன்றுவிடும். நினைவகம் எடுக்கும் எம்மேப் அழைப்பில் அந்தக் கொடியைச் சேருங்கள்.

ஆனால் "மேப்_ஸ்டாக் இருந்தால் போடு" என்று சோதனை எழுதாதீர்கள். லினக்ஸில் அந்தப் பெயர் இருக்கிறது, ஆனால் அங்கே இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஃப்ரீபிஎஸ்டியிலும் இருக்கிறது, அங்கே அதற்கு அர்த்தமே வேறு, கீழ்நோக்கித் தானாக வளரும் பகுதியைத் தரும். உங்கள் காவல் பக்கக் கணக்கு குழம்பும்.

#32 நூலிழை

அப்படியானால் எப்படிக் கேட்பது?

#33 கம்பைலர்தாத்தா

இங்கே மட்டும் "நீ ஓபன்பிஎஸ்டியா" என்றே கேளுங்கள். முதல் பதிவில் நான் சொன்னதை யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

#34 நூலிழை

பச்சை.